198 வெள்ளி ‘ஹார்மோன் பேக்கேஜ்’: சுங்கை சிப்புட்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் கடைவீதியில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடம் ‘ஹார்மோன் பேக்கேஜ்’ என்று ஒரு தொகுப்பை 198 வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்கிறது. தைராய்டுக்கான டி.எஸ்.எச்., மொத்த டி3, மொத்த டி4, வெறும் வயிற்றுச் சீனி, எச்.பி.ஏ1சி (சில மாதச் சீனிக் கணக்கு), இன்சுலின், கார்டிசால் (அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன்), புரோலாக்டின் (தாய்ப்பால் சுரப்பைத் தூண்டும் ஹார்மோன்), கொழுப்பு, கால்சியம் ஆகியவை எல்லாருக்கும் பொது. பெண்களுக்குச் சினைப்பையை ஏவும் எப்.எஸ்.எச்., எல்.எச்., அதோடு ஈஸ்ட்ரோஜன் சேரும், ஆண்களுக்கு டெஸ்டோஸ்டெரோன். ஒரே குத்து, மூன்று குழாய் ரத்தம், மறுநாள் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் அறிக்கை. கூடத்தின் பெயரை இங்கே போடவில்லை. இதே தொகுப்பு வேறு வேறு பெயரில் பல பட்டணங்களில் விற்பனைக்கு இருக்கிறது. கீழே சொல்வதில் முக்கால்வாசி அங்கேயும் பொருந்தும்.

எங்கள் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ரத்தம் எடுக்கும் வேலை மிக நேர்த்தி. தைராய்டு, சீனி இரண்டையும் பார்க்க இந்த இடத்தை நம்பிப் போகலாம். கார்டிசால், புரோலாக்டின், ஆண் பெண் ஹார்மோன்கள் இவற்றுக்குக் கொடுக்கும் காசு, இப்போது அங்கே நடக்கிற முறையில், பெரும்பாலும் வீண். இயந்திரம் தவறான எண்ணைத் தருவதில்லை. எந்த மணிக்கு எடுத்தது, எந்தச் சுரப்பி எதை ஏவியது, உடம்புக்குள் என்ன மருந்து இருந்தது என்ற மூன்றும் தெரியாமல் ஹார்மோன் எண்ணைப் படிக்க முடியாது. முகப்பில் இந்த மூன்றில் ஒன்றைக்கூடக் கேட்பதில்லை. “பசியாறிட்டீங்களாய்யா?” என்பது மட்டும்தான் கேள்வி. இல்லை என்றால் உள்ளே போகலாம்.

தைராய்டிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் இந்தத் தொகுப்பிலேயே அதிகம் உதவுவது அதுதான். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி, டி.எஸ்.எச். என்ற ஏவலைக் கழுத்தில் இருக்கும் தைராய்டுக்கு அனுப்புகிறது. தைராய்டு பெரும்பாலும் டி4-ஐயும் கொஞ்சம் டி3-ஐயும் சுரக்கும். டி4 ஈரல், சிறுநீரகம் போன்ற இடங்களில் டி3 ஆக மாறி, இதயத் துடிப்பு, உடல் சூடு, குடலின் ஓட்டம், கொழுப்புக் கழிவது எல்லாவற்றின் வேகத்தையும் நிர்ணயிக்கிறது. ரத்தத்தில் டி4 குறைந்தால் பிட்யூட்டரி டி.எஸ்.எச்.-ஐக் கூட்டும், டி4 ஏறினால் குறைக்கும். வேலை மந்தமானால் கங்காணியின் குரல் உயர்கிற மாதிரிதான். அதிலும் டி4 கொஞ்சம் இறங்கினாலே டி.எஸ்.எச். பல மடங்கு ஏறிவிடும். அதனால் கோளாறு தொடங்கும்போது டி4 இன்னும் சரியான எல்லைக்குள் நிற்கையிலேயே டி.எஸ்.எச். காட்டிக்கொடுத்துவிடும்.

அறிக்கையை இப்படிப் படிக்க வேண்டும். பெரியவர்களுக்கு டி.எஸ்.எச். சுமார் 0.4 முதல் 4.0 மில்லியூனிட் வரை இருப்பது வழக்கம். ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும். டி.எஸ்.எச். ஏறி, ஃப்ரீ டி4 (புரதத்தோடு ஒட்டாமல் ரத்தத்தில் இருக்கும் டி4) இறங்கியிருந்தால் தைராய்டே சோர்ந்திருக்கிறது. டி.எஸ்.எச். அடியோடு விழுந்து, ஃப்ரீ டி4 ஏறியிருந்தால் தைராய்டு அளவுமீறிச் சுரக்கிறது. கை நடுக்கம், படபடப்பு, நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது ஆகியவை இதோடு வந்தால் அதே வாரத்தில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். டி.எஸ்.எச். 4-க்கும் 10-க்கும் இடையில், ஃப்ரீ டி4 சரியாக இருந்தால் உடனே மாத்திரைக்கு ஓட வேண்டியதில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்து, தைராய்டு எதிர்ப்பொருள் பரிசோதனையும் சேர்த்துச் செய்தபின் முடிவெடுக்கலாம். கர்ப்பிணிகளுக்கும் கர்ப்பத்துக்குத் தயாராகிறவர்களுக்கும் இந்தப் பொறுமை பொருந்தாது. நான்காவது ஒரு வகை உண்டு: ஃப்ரீ டி4 குறைவு, டி.எஸ்.எச்.-உம் ஏறவில்லை. அது பிட்யூட்டரியே பழுதான அறிகுறியாக இருக்கலாம். டி.எஸ்.எச்.-ஐ மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

இங்கேதான் தொகுப்பின் முதல் குறை. ஃப்ரீ டி4 இதில் இல்லை. மொத்த டி4-உம் மொத்த டி3-உம் இருக்கின்றன. ரத்தத்தில் ஓடும் டி4-இல் ஏறக்குறைய முழுவதும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வேலை செய்வது ஒட்டாமல் இருக்கும் மிகச் சிறு பங்கு. கர்ப்பமாக இருந்தாலும் கருத்தடை மாத்திரை எடுத்தாலும் அந்தப் புரதம் கூடும், அதனால் மொத்த டி4 ஏறும், தைராய்டு நன்றாகவே இருக்கும். இளம்பெண்கள் அறிக்கையில் சிவப்பு எழுத்தைப் பார்த்துப் பயப்படுவதற்கு இது ஒரு வழக்கமான காரணம். முகப்பில், “மொத்த டி3, மொத்த டி4 வேண்டாம்மா, அதுக்குப் பதிலா ஃப்ரீ டி4 போடுங்க” என்று கேட்டால் அதே விலைக்கு மாற்றித் தருகிறார்கள். கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்வதில்லை.

தைராய்டு ரத்தத்துக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் டி.எஸ்.எச். இரவில் ஏறி மத்தியானத்தில் இறங்கும்; போன தடவை காலை எட்டு மணி, இந்தத் தடவை மாலை நாலு மணி என்று எடுத்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது. தைராய்டுக் குறைவுக்கான லெவோதைராக்சின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போட வேண்டும், ஏனென்றால் விழுங்கிய சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 செயற்கையாக உயர்ந்து நிற்கும். மாத்திரை அளவை மாற்றியிருந்தால் ஆறு வாரம் கழித்துத்தான் ரத்தம் பார்க்க வேண்டும். டி4-இன் அரை ஆயுள் ஏறக்குறைய ஒரு வாரம். பிட்யூட்டரி புதிய அளவுக்குப் பழக அவ்வளவு காலம் ஆகும். டெங்கிக் காய்ச்சல் மாதிரி கடும் நோயில் படுத்து எழுந்தவர்களுக்கும் அதே ஆறு வாரம். நோயின் போது உடம்பே தைராய்டின் வேகத்தைத் தாழ்த்திக்கொள்ளும், தேறும்போது டி.எஸ்.எச். கொஞ்ச நாள் ஏறி நிற்கும்.

மாத்திரை சாப்பிட்டும் டி.எஸ்.எச். இறங்கவே இல்லை என்பவர்கள் அளவைக் கூட்டச் சொல்வதற்கு முன் காலைப் பழக்கத்தைப் பாருங்கள். விடியற்காலையில் தே தாரிக்கோடு (பால் தேநீர்) மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்காட்டுக்கு ஓடினால் மருந்தில் ஒரு பங்கு உடம்பில் சேராமல் குடலோடு போய்விடும். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில், பசியாறுவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன் என்பதுதான் முறை. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் அவகாசமே இல்லை என்றால் ராத்திரிச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம். இதை மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

முகப்பில் கேட்காத இன்னொரு கேள்வி பயோட்டின் என்ற வைட்டமின் பற்றியது. முடி கொட்டாமல் இருக்க, நகம் உடையாமல் இருக்க என்று மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரைகளில் 5,000 அல்லது 10,000 மைக்ரோகிராம் பயோட்டின் இருக்கும். உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவை 30 மைக்ரோகிராம் அளவுதான். பல ஆய்வக இயந்திரங்கள் பயோட்டினைப் பசைபோல் பயன்படுத்தித்தான் ஹார்மோனைப் பிடித்து அளக்கின்றன. ரத்தத்தில் மிதமிஞ்சிய பயோட்டின் இருந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் ஃப்ரீ டி4 பொய்யாக ஏறியும் வரும். காகிதத்தில் பார்த்தால் தைராய்டு மிகைச் சுரப்பு. ஆளுக்கு ஒன்றுமே இல்லை. முடி கொட்டுவதற்கே தைராய்டு ஒரு காரணம் என்பதால், பயோட்டின் சாப்பிடுகிறவர்களே தைராய்டு பார்க்க வருவார்கள். இந்த மாத்திரையைக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். இதைச் சுவரில் ஒரு தாளில் எழுதி ஒட்டினாலே எத்தனையோ குழப்பம் தீரும்.

ரத்தம் எடுக்கும் அறையைப் பற்றி நல்லதாகச் சொல்ல நிறைய இருக்கிறது. அங்கே வேலை செய்யும் பிள்ளை கையில் கட்டும் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் விடுவதில்லை. கட்டு நீடித்தால் அந்த இடத்தில் ரத்தம் கெட்டிப்பட்டு, புரதத்தோடு ஒட்டியிருக்கும் கால்சியம் பொய்யாக ஏறும். ஆல்கஹால் காய்ந்த பிறகே ஊசி போடுகிறார். முதலில் மஞ்சள் மூடி, பிறகு ஊதா மூடி, கடைசியில் சாம்பல் மூடி. இந்த வரிசை முக்கியம்: ஊதாக் குழாயில் இருக்கும் பொட்டாசியம் கலந்த உறைதடுப்பான் ஒரு சொட்டு மஞ்சளுக்குள் போனாலும் பொட்டாசியம் ஏறும், கால்சியம் விழும். ஊதாவையும் சாம்பலையும் மெதுவாக எட்டுப் பத்து முறை கவிழ்த்து நிமிர்த்துகிறார்; குலுக்குவதில்லை. குலுக்கினால் சிவப்பணு உடைந்து இன்சுலின் அளவே கெட்டுப்போகும். மஞ்சள் குழாய் அரை மணி நேரம் உறைய நின்று, அங்கேயே சுழற்றப்பட்டு, ஐஸ் பெட்டியில் வேனுக்குப் போகிறது. பெயரையும் ஐ.சி. (அடையாள அட்டை) எண்ணையும் நம் கண் முன்னாலேயே குழாயில் ஒட்டி, நம்மைப் படித்துப் பார்க்கச் சொல்கிறார். பெரிய இடங்களில்கூட எல்லாரும் இப்படிச் செய்வதில்லை.

சாம்பல் மூடிக் குழாய் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. குழாய்க்குள் போன பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சீனியைத் தின்றுகொண்டே இருக்கும். அதைத் தடுக்கத்தான் அதில் ஃப்ளோரைடு. அதுவும் முழுசாகப் பிடிக்க ஓரிரண்டு மணி நேரம் எடுக்கும். ஆய்வகம் தொலைவில் இருக்கிற பட்டணத்தில் சீனியை மஞ்சள் குழாயில் சுழற்றாமல் அனுப்பினால் 7.2 மில்லிமோல் என்பது போய்ச் சேரும்போது 6.5 ஆகியிருக்கலாம், நோயாளி தப்பித்தோம் என்று வீட்டுக்குப் போவார். எந்தக் கடைக்குப் போனாலும் சீனிக்குச் சாம்பல் மூடி எடுக்கிறார்களா என்று கண்ணால் பாருங்கள்.

சீனியைக் கணக்கில் வைப்பதற்கு உடம்பில் உள்ள ஏற்பாடு ஒருதலையானது. இறக்குவதற்குக் கணையம் சுரக்கும் இன்சுலின் ஒன்றுதான். ஏற்றுவதற்குக் குளுக்ககான், அட்ரினலின், கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் என்று நாலு பேர். அதனால் இன்சுலின் சோர்ந்தால் ஈடுகட்ட ஆள் இல்லை. “ராத்திரி ஒண்ணுமே சாப்பிடலையே, காலையில எப்படி 8?” என்று பலரும் கேட்பதற்குப் பதிலும் இதில்தான் இருக்கிறது. விடியும் முன் கார்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் ஏறும்; ஈரல் தன் கையிருப்பிலிருந்து சீனியை வெளியே விடும்; இன்சுலின் போதாதவருக்கு அதை அடக்க முடியாது.

நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். ஆகவே சீனி, எச்.பி.ஏ1சி இரண்டும் இந்தப் பேக்கேஜில் இருப்பது முழுக்க நியாயம். வெறும் வயிற்றில் 7.0 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் இனிப்புநீர். அறிகுறி ஒன்றும் இல்லாதவருக்கு இன்னொரு நாளும் பார்த்து உறுதி செய்ய வேண்டும். எச்.பி.ஏ1சி-யில் ஒரு சிக்கல். கூடத்தின் அறிக்கையில் 6.5 சதவீதம் என்று எல்லை போட்டிருக்கிறது. மலேசியச் சுகாதார அமைச்சின் வழிகாட்டியில் எல்லை 6.3. உங்களுக்கு 6.4 வந்திருந்தால் அறிக்கை கறுப்பு எழுத்தில் சாதுவாக இருக்கும். கிளினிக்கில் காட்டினால் அதே எண்ணுக்கு இனிப்புநீர் என்று கார்டு திறப்பார்கள். 5.7-இலிருந்து 6.2 வரை எச்சரிக்கை நிலை.

எச்.பி.ஏ1சி சுமார் 120 நாள் வாழும் சிவப்பணுவில் சீனி எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்ற கணக்கு. சிவப்பணுவே சரியில்லை என்றால் கணக்கும் சரியாக வராது. இரும்புச் சத்துக் குறைவால் ரத்தச்சோகை உள்ள பெண்களுக்கு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். அணுக்கள் சீக்கிரம் அழியும் நோயிலும், அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலும் குறைத்துக் காட்டும். பரம்பரை ரத்தக் கோளாறான தலசீமியாவின் கடத்திகளுக்கு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. இவர்கள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனையை நம்பலாம். அதில் 11.1-உம் அதற்கு மேலும் இனிப்புநீர்.

வெறும் வயிறு என்றால் எட்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, பதினாலைத் தாண்டவும் வேண்டாம். தண்ணீர் குடிக்கலாம். சீனி போடாத கோப்பி ஓ-வும் (பாலில்லாத கறுப்புக் கோப்பி) கூடாது. முதல் நாள் ராத்திரி வழக்கமான சாப்பாடு. பரிசோதனைக்காக மூன்று நாள் சோற்றைக் குறைத்துவிட்டு வருவது, ஏமாற்றவேண்டிய ஆளை விட்டுவிட்டு நம்மையே ஏமாற்றிக்கொள்வது. செம்பனை வெட்டிவிட்டு மத்தியானம் இரண்டு மணிக்குப் பட்டினியோடு வந்து நிற்பவர்களுக்கும் இங்கே ரத்தம் எடுத்துவிடுகிறார்கள். அது வெறும் வயிற்றுச் சீனி ஆகாது. உடல் உழைப்பும் நீண்ட பட்டினியும் எண்ணையே மாற்றும். எச்.பி.ஏ1சி-க்கு மட்டும் நேரம் காலம் கிடையாது, அதை எந்த வேளையிலும் கொடுக்கலாம். இன்சுலின் அளவைத் தொகுப்பில் சேர்த்திருப்பது விலையை ஏற்றத்தான். எண் எதுவாக வந்தாலும் சாதாரண இனிப்புநீர் நோயாளியின் சிகிச்சை மாறாது.

கார்டிசால் பகுதி எங்களுக்குக் கோபமே வரவழைத்தது. சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிக்கும் பிட்யூட்டரிதான் ஏவல் அனுப்புகிறது. கார்டிசால் காலை எட்டு மணி வாக்கில் உச்சத்தில் இருக்கும், நள்ளிரவில் அடிமட்டத்துக்குப் போகும். எட்டு, ஒன்பது மணிக்குள் எடுத்த ரத்தத்துக்குத்தான் அறிக்கையில் அச்சிட்ட எல்லை பொருந்தும். கூடம் மாலை ஐந்து வரை திறந்திருக்கிறது, ஐந்து வரை கார்டிசாலும் எடுக்கிறார்கள். மாலை நாலரைக்கு எடுத்துக் காலை எல்லையோடு ஒப்பிட்டு, ‘குறைவு’ என்று சிவப்பில் அடித்துத் தருகிறார்கள். பாமாயில் ஆலையில் ராத்திரி ஷிப்ட் பார்ப்பவர்களுக்குக் காலை எட்டு மணிகூடச் சரி வராது. உடம்பின் கடிகாரமே புரண்டிருக்கும். ஷிப்ட் விவரத்தைப் படிவத்தில் எழுதாமல் கொடுக்கும் கார்டிசால் எண் யாருக்கும் பயன்படாது. கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்குக் கார்டிசாலைச் சுமக்கும் புரதம் கூடுவதால் எண் பொய்யாக ஏறும். உடம்பில் கார்டிசால் மிகையா என்று பார்க்க ஒற்றைக் காலை எண் போதாது. ராத்திரி பதினொரு மணிக்கு 1 மில்லிகிராம் டெக்சாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை விழுங்கி மறுநாள் காலை எடுக்கும் ரத்தம், நள்ளிரவு எச்சில், 24 மணி நேரச் சிறுநீர் இவைதான் வழி. மூன்றுமே இங்கே இல்லை.

இதே கார்டிசால் ஒரு இடத்தில் மட்டும் உயிர் காக்கும், அதற்குரிய கேள்வியைத்தான் கேட்க மறக்கிறார்கள். மூட்டு வலிக்கு, இடுப்பு வலிக்கு என்று பாசார் மாலாமிலும் (இரவுச் சந்தை) ஆன்லைனிலும் வாங்கும் ஜாமு, மஜூன் என்ற நாட்டு மருந்து வகைகளில் டெக்சாமெதாசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துபோகும், பசி எடுக்கும், முகம் பூரிக்கும். பார்ப்பவர்கள் ‘நல்லா தேறிட்டீங்க’ என்பார்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் பிட்யூட்டரி ஏவலை நிறுத்தும், சில வாரத்தில் அட்ரீனல் சுருங்கி ஓய்ந்துவிடும். இதற்கிடையில் சீனி ஏறும், ரத்த அழுத்தம் ஏறும், எலும்பு கரையும், தோல் தாள் மாதிரி ஆகும். பொட்டலம் தீர்ந்ததும் திடீரென்று நிறுத்தினால் எழுந்திருக்க முடியாத அசதி, வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தச் சரிவு. காய்ச்சலோ விபத்தோ சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. டெக்சாமெதாசோன் கார்டிசால் இயந்திரத்தில் தெரியாது. ஆகவே முகம் வீங்கி, வயிறு பெருத்து, பார்க்கக் கார்டிசால் மிகை போல இருப்பவருக்குக் காலை எண் 100 நானோமோலுக்கும் கீழே வந்தால் ஜாமுவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இன்னொரு ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன் அப்படியில்லை, இயந்திரம் அதையும் கார்டிசால் என்று எண்ணிவிடும்.

இப்படிப்பட்டவர்கள் மருந்தைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே அளவோடு ஸ்டீராய்டு கொடுத்து மெல்ல மெல்லக் குறைப்பார்கள். எதை வாங்கினாலும் பெட்டியில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் பதிவு எண்ணைப் பார்த்து, மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைத் தட்டிச் சரிபாருங்கள். போலி எண் அச்சடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

பெண்களுக்கான மூன்று ஹார்மோன்களும் மாதவிலக்கின் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் எடுத்தால்தான் எல்.எச்., எப்.எஸ்.எச். அளவை ஒப்பிட முடியும். நடுமாதத்தில் எடுத்தால் கருமுட்டை வெளியாகும் போது எழும் எல்.எச். உச்சத்தைப் பார்த்து, இல்லாத நோயைச் சொல்லிவிடுவார்கள். முகப்பில் யாரும் நாளைக் கேட்பதில்லை. நீங்களே படிவத்தின் ஓரத்தில் கடைசி மாதவிலக்குத் தேதியை எழுதுங்கள். மாதவிலக்கு தவறுகிறது, முகத்தில் முடி வளர்கிறது, எடை ஏறுகிறது என்று சினைப்பை நீர்க்கட்டிச் சந்தேகத்தோடு போகும் இளம்பெண்களுக்கு முக்கியமாகத் தேவைப்படும் டெஸ்டோஸ்டெரோன் இந்தத் தொகுப்பில் ஆண்களுக்கு மட்டும்தான். அவர்கள் இந்தப் பேக்கேஜை எடுக்க வேண்டாம். கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போது இவற்றில் எதைப் பார்த்தும் பயனில்லை.

புரோலாக்டின் ஊசிப் பயத்திலேயே ஏறும். வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் தரும் டோம்பெரிடோன், மெட்டோகுளோப்ரமைடு, சில மனநோய் மருந்துகள், கவனிக்காமல் விட்ட தைராய்டுக் குறைவு எல்லாம் அதை உயர்த்தும். கொஞ்சம் ஏறியிருந்தால் அரை மணி நேரம் அமைதியாக உட்கார்ந்தபின் இன்னொரு நாள் எடுத்துப் பாருங்கள். ஆண்களின் டெஸ்டோஸ்டெரோன் காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு வேறு நாளில் குறைவாக வந்தால்தான் குறைவு. ஒரே ஒரு மத்தியான எண்ணைக் காட்டி யாராவது ஊசி போட அழைத்தால் போகாதீர்கள். வெளியிலிருந்து வரும் டெஸ்டோஸ்டெரோன் பிட்யூட்டரியின் ஏவலை அடக்கி விந்தணு உற்பத்தியையே நிறுத்தும். குழந்தை வேண்டும் என்று இருப்பவர்கள் இதை அறியாமலேயே போட்டுக்கொள்கிறார்கள்.

கால்சியம் இருக்கிறது, அதை ஆளும் பாராதைராய்டு ஹார்மோன் இல்லை. கால்சியம் சரியாக இருக்கும் வரை அது தேவையுமில்லை.

அறிக்கை ஆங்கிலத்தில் வருகிறது, எல்லையைத் தாண்டியதெல்லாம் சிவப்பு. ‘சாதாரண எல்லை’ என்பது நலமாக இருக்கும் நூறு பேரில் 95 பேரின் எண்கள் விழும் இடம். ஆக நல்ல உடம்புக்காரருக்கும் ஒரு பரிசோதனையில் சிவப்பு வர நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு. ஒன்றோடொன்று சார்பில்லாத 20 எண்களை ஒரே நாளில் பார்த்தால் ஏதாவது ஒன்றாவது சிவப்பாக வர 64 சதவீத வாய்ப்பு. பரிசோதனை கூடக் கூடப் பயமும் கூடும்படி கணக்கே அமைந்திருக்கிறது. அந்தப் பயத்துக்கு மருந்தாக முகப்புக் கண்ணாடி அலமாரியில் ‘தைராய்டு சப்போர்ட்’, ‘அட்ரீனல் சப்போர்ட்’ புட்டிகள் நிற்கின்றன. தைராய்டு புட்டியில் கடற்பாசி அயோடின். அளவுக்கு மீறிய அயோடின் தைராய்டைத் தூண்டவும் செய்யும், முடக்கவும் செய்யும். முன்பே கட்டி உள்ளவர்களுக்கு இது ஆபத்து. ‘அட்ரீனல் களைப்பு’ என்று ஒரு நோயை நாளமில்லாச் சுரப்பி மருத்துவம் ஏற்கவே இல்லை. இவ்வளவு நேர்த்தியாக ரத்தம் எடுக்கும் ஒரு கூடம் இந்தப் புட்டிகளை விற்பது மனதுக்கு வேதனையாக இருக்கிறது. புட்டியை வாங்காதீர்கள்.

எங்கள் யோசனை: பேக்கேஜை விடுங்கள். டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, வெறும் வயிற்றுச் சீனி, எச்.பி.ஏ1சி, கொழுப்பு இவற்றை மட்டும் தனித்தனியாகக் கேளுங்கள்; பாதிக் காசுக்குள் முடிந்துவிடும். கெட்ட கொழுப்பு ஏறியிருந்து டி.எஸ்.எச்.-உம் ஏறியிருந்தால் முதலில் தைராய்டைச் சரிசெய்யச் சொல்லுங்கள். தைராய்டு மந்தமானால் கொழுப்புக் கழிவதும் மந்தமாகும், மாத்திரை பிடித்ததும் தானாக இறங்குவது உண்டு. அவசரமில்லாதவர்களுக்கு அரசாங்கக் கிளினிக் இருக்கிறது: குடிமக்களுக்கு 1 வெள்ளிக் கட்டணத்தில் மருத்துவர் பார்த்து, தேவை என்றால் சீனியும் தைராய்டும் எழுதிக் கொடுப்பார். காத்திருக்கும் நேரம் அதிகம், ஆனால் எண்ணைப் படித்துச் சொல்ல ஆள் இருக்கிறார். பெரிய சிக்கல் என்றால் ஈப்போ மருத்துவமனைக்கு எழுதுவார்கள். அரிய சுரப்பி நோய்களுக்குப் புத்ராஜெயா மருத்துவமனை வரை அனுப்புவதுண்டு. எங்கே போனாலும் படிவத்தில் ரத்தம் எடுத்த மணி, கடைசியாகச் சாப்பிட்ட மணி, ஷிப்ட், மாதவிலக்குத் தேதி, சாப்பிடும் எல்லா மாத்திரை, ஜாமு, தோல் களிம்பு, மூட்டில் போட்ட ஊசி எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள்.

சில நேரத்தில் இந்தக் கூடத்துக்குப் போகவே கூடாது, நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இனிப்புநீர் உள்ளவருக்கு வாந்தி, வயிற்று வலி, மூச்சு வேகம், வாயில் பழ வாடை. ஸ்டீராய்டை நிறுத்தியவருக்கு மயக்கமும் வாந்தியும். தைராய்டு மிகைச் சுரப்புள்ளவருக்குக் கடும் காய்ச்சலும் குழப்பமும் தாறுமாறான துடிப்பும். தைராய்டு மிகைச் சுரப்புக்கான கார்பிமசோல் மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் திடீர்த் தொண்டைவலியும் காய்ச்சலும். கடைசியாகச் சொன்னதில் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல், அன்றைக்கே வெள்ளையணு எண்ணிக்கை பார்க்கச் சொல்ல வேண்டும். அந்த மருந்து அரிதாக வெள்ளையணுவை அடியோடு வீழ்த்திவிடும்.